மகளும் நானும் ஒரே பியானோ பரீட்சையில்

என் மகள் பியானோ வாசிப்பதைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். பெற்ற மகள்தான். பெயர் ஷெரின், வயது பதினான்கு. சாட்சி சொல்ல வந்துவிட்டு உண்மையை மறைக்கக்கூடாது, அதனால் சொல்கிறேன்.

மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் எங்கள் சபையில் பல வருடங்களாக நான்தான் கீபோர்டு. வெள்ளைக் கட்டைகளில் மட்டுமே வாசிப்பேன். பாடுகிறவர்கள் சுருதியை ஏற்றினால் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்துவேன். கை அங்கேயே இருக்கும், சுருதி மட்டும் மாறும். சென்ற ஆண்டு ஷெரினோடு நானும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டீச்சரிடம் பியானோ பரீட்சைக்குச் சேர்ந்தேன். இருவருக்கும் ஒரே கிரேடு, ஒரே கிளாசிக்கல் பீஸ். ஈ ஃபிளாட் சுருதியில் அமைந்தது, கருப்புக் கட்டைகள் நிறைய. பியானோவில் பட்டன் ஏது? அவள் ஒரே வாரத்தில் வாசித்துவிட்டாள். ஜூலை வந்தும் நான் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

"மா, கருப்புக் கட்டைல கை வைங்க லா. கடிக்காது!" என்று சிரித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ உன் வேலையப் பாரு!" என்று கத்திவிட்டு, அறைக்குள் போய் முழங்காலில் விழுந்து அழுதேன். ஆண்டவரே, அவளைவிட எனக்கு ஒரு மார்க்காவது கூட வரவேண்டும். தினமும் இதுதான் என் ஜெபம்.

அந்த ஞாயிறே சபையில் கீபோர்டின் ட்ரான்ஸ்போஸ் பட்டன் வேலை செய்யவில்லை. பாடல் நடத்தும் சூசன் ஆன்டி தன் வழக்கமான சுருதியில் பாட ஆரம்பித்துவிட்டார். அதே ஈ ஃபிளாட்! எனக்கு வியர்த்துக் கொட்டியது. கருப்புக் கட்டைகளைத் தேடித் தேடி வாசித்தேன். பழுதுபார்க்க ஆள் கிடைக்காமல் மாதங்கள் ஓடின. ஞாயிறுதோறும் அதே அவஸ்தை. அக்டோபரில் அந்த பீஸைத் தடங்கலில்லாமல் வாசித்தேன். டீச்சரே எழுந்து வந்து என் கையைப் பார்த்தார்.

பரீட்சை அன்று ஷெரின் எனக்கு முன்பே முடித்துவிட்டாள். நான் வாசித்துவிட்டு வெளியே வந்தபோது, கதவருகே கண்மூடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?"

"ஒங்களுக்குத்தான் மா பிரேயர் பண்றேன். காலைலருந்து ஒங்களுக்கு மட்டுந்தான்."

அத்தனை மாதத்தில் நான் அவளுக்காக ஒருநாளும் ஜெபித்ததில்லை. அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

நான் பாஸ். அவளுக்கு டிஸ்டிங்ஷன். மார்க் வந்த அன்றும் கொஞ்சம் எரிந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவள் பெயரைச் சொல்லித்தான் முதலில் ஸ்தோத்திரம் செய்தேன். இப்போது தினமும் செய்கிறேன்.

அன்பானவர்களே, உங்கள் பொறாமையையும் அப்படியே அவரிடம் கொண்டுபோங்கள். அழகாக்கிச் சொல்ல வேண்டாம். என்னுடைய கேவலமான ஜெபத்துக்கே அவர் காது கொடுத்தார். கேட்ட மார்க்கைத் தரவில்லை, பட்டனை நிறுத்தி என் கையைப் பழக்கினார், மகளைக் கொண்டு என் மனதைத் திருப்பினார். உங்களுடையதைக் கேட்கமாட்டாரா?