மார்ஷ்மெல்லோ ஆக்டோபஸும் என் கட்டைவிரலும்

போன வாரம் திங்கட்கிழமை காலை, எங்கள் தீவில் பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் போகிற ஃபெர்ரியில் நான் ஒரு பொய் சொன்னேன்.

பெரிய பொய் இல்லை. நாலைந்து வார்த்தைதான். யாருடைய குடும்பமும் அதனால் கவிழ்ந்துவிடவில்லை. ஃபெர்ரி அக்கரை போய்ச் சேர்வதற்குள் பேச்சு வேறு எங்கேயோ போய்விட்டது. எனக்கு மட்டும் அந்தப் பொய் இன்னும் கரை சேரவில்லை...

முதலிலிருந்து சொல்கிறேன்.

பத்திரிகையில் இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். முகம்தான் தெரியாது. மற்றவர்கள் எழுதும் பக்கங்களில் மேலே போட்டோ இருக்கும். என் பெயருக்கு மேலே மட்டும் ஒரு சின்னப் படகுப் படம். ஆசிரியர் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார். எனக்குக் கூச்சம். என் கல்யாண ஆல்பத்திலேயே பாதிப் படங்களில் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பத்தாம் வகுப்போடு நின்றவன், படகு ரிப்பேர் ஷெட்டில் வேலை பார்க்கிறவன். ஏதோ எழுத வருகிறது, எழுதுகிறேன். அதற்கு முகம் எதற்கு?

மகள் கீர்த்தனா பதினொன்றாம் வகுப்பு. பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் மார்ஷ்மெல்லோ செய்யப் போவதாகச் சொன்னாள். சாப்பிட்டிராதவர்களுக்கு — அது பஞ்சு மாதிரி ஒரு மிட்டாய். தொட்டால் அமுங்கும், விட்டால் எழும்பும். அபர்டீன் பஜாரில் கேக் சாமான் விற்கிற கடையில் ஜெலட்டின், கலர் எல்லாம் முன்பே வாங்கி வைத்திருந்தாள்.

"சூடு பார்க்க தெர்மாமீட்டர் வேணுமாம்மா," என்றாள்.

"எதுக்குடி? பாகுக்குக் காய்ச்சலா அடிக்குது?"

இது என் மனைவி மல்லிகா. கொதிக்கிற சர்க்கரைப் பாகில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தாள். அதிரசத்துக்குப் பார்க்கிற அதே பதம். "உருளுது. இறக்கு," என்றாள். அவ்வளவுதான் தெர்மாமீட்டர்.

ஊறிய ஜெலட்டினில் பாகை ஊற்றி, முட்டை அடிக்கும் பீட்டரால் அடித்தார்கள். கண்ணாடி மாதிரி இருந்தது அடிக்க அடிக்க வெளுத்து, பொங்கி, பாத்திரத்தின் வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதை நாலு கிண்ணத்தில் பிரித்து ரோஸ், நீலம், மஞ்சள், பச்சை. பிளாஸ்டிக் கவரைக் கூம்பாகச் சுருட்டி, அதில் நிரப்பி, மாவு தூவிய தட்டில் பிழிய வேண்டும். கடல் பிராணிகளாகச் செய்யலாம் என்று கீர்த்தனாவின் திட்டம்.

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. கீர்த்தனா பிழிந்த ஆக்டோபஸ் உட்கார்ந்த இடத்திலேயே படுத்துவிட்டது. மல்லிகா செய்த ஆமை...

"அம்மா, இது மெதுவடை."

"வடைன்னா திங்க மாட்டியா நீ?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நான் அடுக்களை வாசலில் போய் நின்றேன். கீர்த்தனா என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க வாங்க. டெய்லி இதைத்தானே பண்றீங்க."

உண்மைதான். ஃபைபர் படகில் விரிசல் விழுந்தால் அடைக்கிறவன் நான். பசையைப் பிதுக்கிக்கொண்டே ஒரே இழுப்பாகப் போக வேண்டும். நடுவில் நின்றால் தடம் விழும். தாமதித்தால் இறுகிவிடும். இந்த மார்ஷ்மெல்லோவும் அப்படித்தான் இருந்தது. கூம்பைக் கையில் வாங்கினேன். வலது கை அமுக்க, இடது கட்டைவிரல் நுனியைத் தாங்க... ரோஸ் நிறத்தில் ஒரு ஆக்டோபஸ் எழுந்து உட்கார்ந்தது. எட்டுக் கால், ஒவ்வொன்றும் நுனியில் சுருண்டு. அப்புறம் பச்சை ஆமை, மஞ்சள் நட்சத்திர மீன், கொடுக்கைத் தூக்கிய நீல நண்டு. எனக்கே ஆச்சரியம்.

"ஏங்க, இத்தனை வருசமா என்னை முறுக்குப் பிழிய விட்டுட்டு வேடிக்கை பார்த்தீங்களா?" என்றாள் மல்லிகா.

கீர்த்தனா செல்போனை எடுத்தாள். வீடியோ. நான் உடனே கூம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

"கை மட்டும்பா. ப்ளீஸ்பா."

சரி என்றேன். ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன் — முகம் தெரியக் கூடாது.

அவளும் சொன்ன சொல் தவறவில்லை. முகமும் இல்லை, குரலும் இல்லை. பின்னணியில் இசை, நடுவில் என் இரண்டு கை. அதை இணையத்தில் தன் பக்கத்தில் போட்டாள். யாரோ எடுத்து யாருக்கோ அனுப்ப, ஒரு வாரத்தில் அது தீவு முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

ஃபெர்ரியில் என் பக்கத்தில் தாஸ்தாவும் அப்பாராவும் நின்றார்கள். இரண்டு பேரும் எங்கள் ஷெட்டில் வேலை பார்க்கிறவர்கள். தாஸ்தா வெல்டர், அப்பாராவ் எலக்ட்ரீஷியன். எங்கள் பேச்சு பாதி இந்தி, பாதி தமிழ். தாஸ்தா போனை நீட்டினார்.

"அரே முத்து பாய், யே தேக்கோ. க்யா ஹாத் ஹை! என்ன கை இது! ஏதோ பெரிய ஹோட்டல் ஆளு போல."

பார்த்தேன். என் வீட்டுத் தட்டு. என் கை. கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

அப்பாராவ் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "ருக்கோ, ருக்கோ. இந்தக் கட்டைவிரலைப் பாரு. நகம் ரெண்டா இருக்கு. முத்து பாய், யே தோ தேரா ஹை, உன் கைதான்."

என் இடது கட்டைவிரல் நகம் பல வருடங்களுக்கு முன் கிரைண்டரில் பிளந்தது. இன்றுவரை இரண்டாகத்தான் வளர்கிறது.

எங்கள் ஷெட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ஒரு பெயர் ஒட்டினால் ஒட்டியதுதான். ஒருவர் ஒருநாள் மழைக்கு அவசரமாக மனைவியின் பூப்போட்ட குடையை எடுத்து வந்தார். அன்றிலிருந்து அவர் பெயர் பூக்குடை. பெயிண்ட் வாங்கி வரச் சொல்வதும் பூக்குடையிடம்தான், மகள் கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொன்னதும் பூக்குடைக்குத்தான். அவருடைய நிஜப் பெயரை நான் யோசித்துத்தான் சொல்ல முடியும். ரோஸ் ஆக்டோபஸ் பிழிகிறவனுக்கு என்ன பெயர் வைப்பார்கள்?

இடது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

"மேரா நஹி ஹை, பாய்," என்றேன். என் கை இல்லை. அதோடு நிறுத்தினேனா? வாய் தானாக இன்னும் இரண்டடி போனது. "நமக்கு எதுக்கு இந்த வேலை? வேலை வெட்டி இல்லாதவன் எவனோ பண்ணியிருக்கான்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தால்...

கம்பி ஓரம் கீர்த்தனா. பள்ளிக்கூடப் பை. கூட அவள் வகுப்புத் தோழி தீபா. மாணவிகள் எப்போதும் முன்பக்கம் நிற்பார்கள். அன்றைக்கு முன்பக்கம் வெயில் போல, இங்கே வந்திருக்கிறார்கள். என்னிடமிருந்து நாலு எட்டுத் தூரம்.

தீபா என்னைப் பார்த்தாள். பிறகு கீர்த்தனாவைப் பார்த்தாள். கீர்த்தனா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதாவது பாக்கெட்டிலிருந்து கையை எடுத்திருக்கலாம் இல்லையா? எடுக்கவில்லை. சாத்தம் வரைக்கும் எடுக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மல்லிகா கேட்டைத் திறக்கும்போதே ஆரம்பித்தாள்.

"என்ன சொன்னீங்க ஃபெர்ரியில?"

"என்ன சொன்னேன்..."

"அவ கிளாஸ் பூரா சொல்லி வச்சிருக்கா, எங்கப்பா செஞ்சதுன்னு. தீபா போயி, அங்கிளே தன் கை இல்லைன்னுட்டாருன்னு சொல்லிருச்சு. யாரோட வீடியோவையோ திருடிப் போட்டிருக்கான்னு பிள்ளைங்க பேசுதாம். இவ பேசாம அதை அழிச்சிட்டு உக்காந்திருக்கா."

கீர்த்தனா உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். அல்லது புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள். நான் கதவோரம் போய் நின்றேன்.

"விடுங்கப்பா," என்றாள். தலையை நிமிர்த்தவில்லை. "முகம்தான் தெரியலையே. நீங்கன்னு எப்படிச் சொல்றது?"

திட்டியிருந்தால் தேவலை.

ஆறு நாள் அவள் என்னோடு நன்றாகத்தான் பேசினாள். சாப்பிட்டீங்களா, குடை எடுத்தீங்களா, எல்லாம். ஃபெர்ரியில் மட்டும் முன்பக்கமே நின்றாள். வெயிலிலும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே அடுக்களைக்குள் போனேன். மறுபடி செய்து, திங்கட்கிழமை ஃபெர்ரிக்கு எடுத்துப் போய், எல்லார் முன்னாலும் டப்பாவைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடுவது — இதுதான் என் திட்டம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"இந்த ஈரத்துல வேண்டாங்க. சர்க்கரை கசியும்," என்றாள் மல்லிகா.

கேட்டேனா? அவளைப் பாகு பார்க்கச் சொன்னேன், நானே அடித்தேன், நானே பிழிந்தேன். கீர்த்தனா எட்டிப் பார்க்கவில்லை. போன தடவை விளையாட்டாகச் செய்தது, இந்தத் தடவை தண்டனை மாதிரி இருந்தது. இருந்தாலும் ஆக்டோபஸ் ஆக்டோபஸாகத்தான் வந்தது. மாவு தூவி டப்பாவில் அடுக்கி மூடினேன்.

திங்கட்கிழமை ஃபெர்ரியில் தாஸ்தாவையும் அப்பாராவையும் கூப்பிட்டேன். முன்பக்கம் நின்ற பெண்களையும் கையசைத்துக் கூப்பிட்டேன். கீர்த்தனா தயங்கித் தயங்கி வந்தாள். தீபாவும் வந்தாள். சுற்றி நின்ற நாலைந்து பேரும் திரும்பினார்கள். என் காது சுட்டது. டப்பாவைத் திறந்தேன்.

உள்ளே ஒரு விபத்து நடந்திருந்தது.

எல்லாம் வியர்த்து, இளகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஆமை மேல் நண்டு. நட்சத்திர மீனுக்கு மூன்று முனை. நீலமும் மஞ்சளும் கலந்து பாசி நிறம்.

பின்வாங்க நேரமில்லை. "மைனே பனாயா," என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "நான்தான் செஞ்சேன். அந்த வீடியோல இருந்ததும் என் கைதான். அன்னைக்கு நான் சொன்னது பொய்."

தாஸ்தா டப்பாவுக்குள் குனிந்தார்.

"யே க்யா ஹை? என்ன இது?"

"ஆக்டோபஸ்."

"கால் மூணுதான் இருக்கு."

"எட்டு இருந்துச்சு. ஒட்டிக்கிச்சு."

அப்பாராவ் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார். "டேஸ்ட் அச்சா ஹை. ஆனா முத்து பாய், அந்த வீடியோக்காரன் ஆர்ட்டிஸ்ட். எதுக்குப் பொய் சொல்றே?"

இடது கட்டைவிரலை நீட்டிக் காட்டினேன்.

"அது உன்னோடது இல்லைன்னு நீதானே சொன்னே," என்றார்.

கீர்த்தனா அழித்துவிட்டதால் எடுத்துக் காட்ட எங்களிடம் வீடியோவும் இல்லை. தாஸ்தாவின் போனில் இருந்தது எப்போதோ அழிந்து போயிருந்தது. அவர்கள் டப்பாவைக் காலி செய்து, விரலை நக்கிக்கொண்டு, மத்தியான வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பொய்யை ஒரு நிமிடத்தில் நம்பிய அதே ஆட்கள்தான். உண்மைக்கு மட்டும் அவர்களிடம் எத்தனை கேள்வி!

தீபா ஒரு துண்டு எடுத்து, மரியாதையாக மென்று முடித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"கீர்த்தனாவுக்காகத்தானே அங்கிள் இப்படிச் சொல்றீங்க?"

நல்ல பெண். எனக்குச் சங்கடம் வரக் கூடாதென்று தாழ்ந்த குரலில்தான் கேட்டாள். எனக்கு அப்படியே கடலில் இறங்கிவிடலாம் போல இருந்தது.

கூச்ச சுபாவம் என்பது நல்ல குணம் என்றுதான் இத்தனை வயது வரைக்கும் நினைத்திருந்தேன். யாரோடும் வம்பில்லை, யாருக்கும் தொந்தரவில்லை, மூலையில் நிற்கிறோம், அவ்வளவுதானே என்று. நாம் மூலையில் ஒதுங்கும்போது நம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் நடுவில் தனியாக நிற்கிறார். அதை நான் கவனித்ததே இல்லை.

சாத்தத்தில் இறங்கும்போது கீர்த்தனா என் பக்கத்தில் வந்தாள். என் சட்டையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

"மூடின டப்பாவுல வைக்கக் கூடாதுப்பா. காத்தாட ஆற வச்சுத்தான் எடுக்கணும்."

"சரிம்மா."

படகுத்துறையில் கொஞ்ச தூரம் கூடவே நடந்தோம். தீபா வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வகுப்பில் இன்னும் சிலர் வீட்டிலும் வாங்குகிறார்களாம்.

"இதை எழுதட்டுமா?" என்று கேட்டேன். "நான் பொய் சொன்னது, நீ அழிச்சது, எல்லாத்தையும்."

யோசித்தாள்.

"எழுதுங்க. ஆனா ஒரு கண்டிஷன்."

"என்ன?"

"முகம் தெரியணும்."

ஆகவே, தீபாவுக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் — அந்த வீடியோ திருடியது இல்லை. எடுத்தவள் கீர்த்தனா. அந்தக் கை என் கை. இந்த வாரம் படகுப் படத்தை எடுத்துவிட்டு என் போட்டோவைப் போடும்படி ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் போட்டோவை எடுத்தவளும் அவள்தான். தரையைப் பார்க்காமல் நிற்க வைக்க அவளுக்குப் பதினோரு தடவை ஆயிற்று.

மேலே இருப்பது நான்தான் — இடது கை பாக்கெட்டில் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.