கடைமடைக்கு இயந்திரம் சொன்ன பதில்

எங்கள் மேலாளரை எனக்குப் பிடிக்காது. காரணங்களை வரிசைப்படுத்தலாம், முதலாவதே போதும்.

தஞ்சாவூரில் எங்கள் நிறுவனம் விவசாயிகளின் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் மென்பொருள் செய்தது. எளிய புகாருக்கு இயந்திரமே பதில் சொல்லும். சிக்கலானதை மனிதரிடம் மாற்றிவிடும். எது எளிது என்பதற்கு மேலாளர் ஒரு விதி வைத்தார்: ஒலிகள் குறைவாகவும் சொற்கள் கொஞ்சமாகவும் இருந்தால் எளிது.

"தமிழ்ல 'க'வுக்கு ஒரே எழுத்து. இந்தியில நாலு. சத்தம் கம்மின்னா விஷயமும் கம்மிதாம்மா."

ஆதாரம் கேட்டேன். ஏசியைக் கூட்டச் சொன்னார்.

ஒரு விவசாயியின் பதிவான அழைப்பை ஒலிக்கவிட்டேன். "கடைமடைக்கு வரலங்க." அவ்வளவுதான். வாய்க்காலின் கடைசியிலுள்ள வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்கிறார்.

"தண்ணி இல்லங்கிறாரு. இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணு, ஆத்துல தண்ணி திறந்தாச்சு. ரெண்டு, வாய்க்கால்ல மேல இருக்கறவங்க மறிச்சிருக்காங்க. மூணு, முறை வச்சு விடல. நாலு, நாத்து காயுது. அஞ்சு, இன்னும் ரெண்டு நாள் போனா மண்வெட்டியோட கெளம்பிடுவாங்க. எல்லாம் அதுல இருக்கு சார்."

"அவரு சொன்னது ரெண்டு வார்த்தை. மிச்சம் உன் கற்பனை."

"எங்கப்பா கடைமடைக்காரர் சார்."

"அதான பாத்தேன். அப்பாவுக்காக சாஃப்ட்வேர் எழுத முடியாதும்மா."

அறையிலிருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். ஊருக்கே தெரிந்ததைச் சொல்ல நீளமான பேச்சு எதற்கு? கேட்பவனுக்கு ஒன்றும் தெரியாதபோதுதான் நீட்ட வேண்டியிருக்கிறது.

சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த சமயத்தில் அந்த விதியோடேயே மென்பொருள் நடைமுறைக்கு வந்தது. அப்பா என்னை அழைத்தார்.

"எத்தன தடவ போட்டாலும் 'உங்கள் பகுதிக்குத் தண்ணீர் திறக்கப்பட்டுள்ளது'ங்குது உன் மிஷினு. இங்க நாத்து கருகுது. எம்பொண்ணு செஞ்சதுன்னு ஊர்ல பெருமையடிச்சு வச்சிருக்கேன் வேற. மனுஷங்க யாரும் பேச மாட்டாங்களா?"

"பேசுவாங்கப்பா. நம்பர் எழுதிக்குங்க. ஊர்ல எல்லாருக்கும் குடுங்க."

மேலாளரின் கைபேசி எண்ணைச் சொன்னேன்.

மறுநாள் அவர் என் மேசைக்கு வந்தார். கையில் கைபேசி விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

"காலையிலேர்ந்து கடைமடை கடைமடைங்கிறாங்க. என்னதாம்மா பண்ணச் சொல்றாங்க?"

"ரெண்டு வார்த்தைதான சார். நீங்களே பதில் சொல்லிடுங்க."

மாலைக்குள், அந்தச் சொல் வந்தால் மட்டும் அழைப்பை மனிதரிடம் மாற்றும்படி விதியில் ஒரு விலக்கு சேர்த்தார். அதற்குள் அப்பாவின் நாற்றில் பாதி போய்விட்டிருந்தது. இனி யாரும் தன்னை அழைக்கக் கூடாது, ஊரில் சொல்லிவிடு என்றார் மேலாளர். நான் சொல்லவில்லை.