நிரோ அண்ணாவின்ர எட்டுக்கு லூட்சேர்னில தேடின போத்தல்

நிரோ அண்ணா, சனிக்கிழமை நான் உனக்காண்டி லூட்சேர்ன் போட்டு வந்தனான். நீ போன இடத்துக்கு இதெல்லாம் கேக்குமோ தெரியாது. லூட்சேர்ன் போகாத ஆக்கள், விஸ்கி வாங்கத் தெரியாத ஆக்கள் வாசிச்சாலும் உதவுமெண்டு எழுதுறன். ஊரில எட்டாம் வகுப்போட நிண்டிட்டன். கதைக்கிற மாதிரித்தான் எழுத வரும்.

எங்கட சனத்தில ஒராள் செத்தா எட்டாம் நாள் அவருக்கு விருப்பமானதெல்லாம் சமைச்சுப் படைப்பம். குடிக்கிற ஆளெண்டா குடியும் வைக்கிறது. அண்ணான்ர எட்டு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிறு இங்க கடை இல்லை. சனிக்கிழமையும் பின்னேரம் நாலு மணியோட பூட்டிப்போடுவினம். அதுக்குள்ள அவன் குடிச்ச விஸ்கி என்னதெண்டு கண்டுபிடிக்கவேணும்.

பேர் ஒருத்தருக்கும் தெரியாது. அம்மா வீட்டுக்குள்ள குடி விடமாட்டா. அதால அண்ணா விஸ்கியை ஆப்பிள் யூஸ் போத்தலில ஊத்தி அலுமாரியில வைச்சிருந்தவன். அவன் ஆஸ்பத்திரியில கிடக்கேக்க அம்மா அறை துப்புரவாக்கி, யூஸ் பழுதாப்போச்செண்டு ஊத்திக் கழுவிப்போட்டா. மூடி மட்டும் அலுமாரித் தட்டில கிடந்தது. மணந்து பாத்தன், புகை மாதிரி மணந்தது. அதை ஒரு சின்னப் பையில போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டன்.

காலமை பத்தரைக்கு எங்கட ஊர் ஷ்லீரன் ஸ்ரேசனில ஜெகன் அண்ணை நிண்டார். அண்ணாவோட டீட்டிகோனில லாகரில, சாமான் களஞ்சியத்தில, வேலை செய்யிறவர். லூட்சேர்னில அண்ணா வாங்கிற கடை அவருக்குத்தான் தெரியும்.

"கடைக்குள்ள போனனீங்களோ?"

"இல்லைத் தங்கச்சி. நான் வெளியில நிண்டு சுட்ட மரோனிக் கொட்டை திண்டனான். பிறகு உவன் எங்கயோ மறைவில மாத்தி ஊத்திக்கொண்டு யூஸ் போத்தலோட வருவான். என்னடா எண்டு கேட்டா, தடிமன், சளிக்கு மருந்து எண்டுவான். வருஷம் முழுக்கத் தடிமன்."

சிரிப்பு வந்தது.

சூரிச்சில மாறி ஏறினனாங்கள். அங்கயிருந்து லூட்சேர்ன் அறுவது கிலோமீற்றர் மட்டில், முக்கால் மணித்தியாலம். அரை விலைக்கு ரிக்கற் தாற ஹல்ப்டாக்ஸ் கார்ட்டோட போகவர இருபத்தைஞ்சு பிராங்குக்கு மேல முடிஞ்சது. சூக் தாண்டினதும் ஏரி தெரியுமெண்டு சொல்லுவினம். எங்களுக்கு வெள்ளைப் புகார்தான், பனிமூட்டந்தான் தெரிஞ்சது. லூட்சேர்னில இறங்கினா மலையும் இல்லை. படத்தில வாற மரப்பாலத்தில பாதிக்கு அங்கால ஒண்டும் தெரியேல்லை. வெள்ளைக்காரர் அந்தப் புகாருக்கையும் நிண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தினம்.

கடை பழைய ரவுணுக்குள்ள, ஒரு சப்பாத்துக்கடைக்குப் பக்கத்தில. கடைக்காரர் ஐம்பது வயசு மதிக்கலாம். அண்ணான்ர படத்தை ஃபோனில காட்டினன். பாத்திட்டு, நிறையப் பேர் வருவினம், ஞாபகம் இல்லை எண்டார். ஒருக்கா எண்டாலும் ஓம் எண்டு சொல்லியிருக்கலாம்.

அப்ப பெரியப்பா ஃபோன் எடுத்தார், திரிம்பாக்கில இருந்து. "பிள்ளை, பதினெட்டு வருஷ விஸ்கியாய் எடு. மரப்பெட்டியோட இருக்கும். சனம் வந்து பாக்கும், சும்மா ஒண்டை வைக்கேலாது. காசு நான் தாறன்."

கடைக்காரரிட்ட நாளைக்கு என்ன செய்யப்போறமெண்டு டொச் பாஷையில சொன்னன். அவர் சிரிக்கேல்லை. மேசையில வயிறு வைச்ச சின்னக் கிளாசுகளை அடுக்கி, ஒவ்வொண்டிலயும் ஒரு சொட்டு ஊத்தினார். சிங்கிள் மோல்ட் எண்டா ஒரே வடிசாலையில பார்லி முளையில வடிச்சது. வருஷம் கூடினா விலை கூடும், ஆனா ருசி உங்களுக்குப் பிடிக்குமெண்டு இல்லையாம். எந்தப் பீப்பாயில கிடந்தது எண்டதைத்தான் முதல் கேக்கோணுமாம். அமெரிக்கப் பேர்பன் விஸ்கிப் பீப்பாயில கிடந்தது தேன், வனிலா மாதிரி மணந்தது, ஐம்பத்திரெண்டு பிராங். ஷெரி வைன் பீப்பாயில கிடந்தது எங்கட கலியாண ரிச் கேக் மாதிரி, பிளம்ஸ் மணம், எழுபத்தெட்டு பிராங். பெரியப்பா சொன்ன பதினெட்டு வருஷமும் அந்த ரகந்தான், நூற்றறுபத்தைஞ்சு. தெரியாமல் பெரிய போத்தல் வாங்கப் பயமெண்டா, எட்டு ஒன்பது பிராங்குக்கு விரலளவுப் போத்தல் இருக்கு. முதல் அதை வாங்கிக் குடிச்சுப் பாருங்கோ.

மூண்டாவதை மணந்ததோட எல்லாம் ஒரே மணமாப்போச்சு. "உங்கட சட்டைக்கையை மணந்து பாருங்கோ, மூக்குத் திரும்பித் தெளியும்," எண்டார். நான் போட்டிருந்தது அண்ணான்ர ஜாக்கெட். மணந்தன். கொஞ்சநேரம் தலை நிமித்தேலாமப் போச்சு. ஜெகன் அண்ணை யன்னலால தெருவைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

பிறகு மூடியை எடுத்துக் குடுத்தன். அவர் கண்ணை மூடி மணந்தார். "இது புகை ரகம்." சதுப்பு நிலத்து மண்ணை வெட்டிக் காயவைச்சு எரிச்சு, அந்தப் புகையில பார்லியைக் காயவிடுறதாம். அப்பிடி மூண்டு போத்தல் இறக்கினார். ஒண்டு சுட்ட கருவாடு மாதிரி. ஒண்டு அடுப்புச் சாம்பல் மாதிரி. ரெண்டும் நல்லாத்தான் இருந்தது. மூடியோட சேரேல்லை.

மூண்டாவதைக் கிட்டக் கொண்டுபோனன். ஆஸ்பத்திரி. காயத்துக்குக் கட்டுற துணி, மருந்து, அந்த அறை. அண்ணா மோட்டர்சைக்கிளில அடிபட்டு அஞ்சு நாள் கிடந்த அறை. கிளாசைத் தள்ளி வைச்சன்.

"இது வேண்டாம்."

கடைக்காரர் மூடியையும் கிளாசையும் மாறி மாறி மணந்தார். "எனக்கு இதுதான் எண்டு படுது. கடற்கரை வடிசாலையின்ர பத்து வருஷம். அறுபத்திநாலு பிராங். சில பேருக்கு இந்த மணம் பிடிக்காது, சில பேருக்கு வேறொண்டும் வேண்டாம்."

"தங்கச்சி," எண்டார் ஜெகன் அண்ணை, "அந்த ரிச் கேக்கை வாங்குவம். நிரோவுக்கு என்ன தெரியப்போகுது? பெரியப்பாவும் வாய் மூடுவார்."

மூடியைத் திரும்பவும் மணந்தன். அதேதான். எனக்கு ஆஸ்பத்திரி மணம், ஆனா அண்ணாக்கு அது வேலை முடிஞ்சு வந்து யன்னலைத் திறந்துவிட்டுக் குடிக்கிற மணம். அவன் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு எவ்வளவோ முதல் அது அவன்ரயா இருந்தது. எனக்குப் பயமெண்டு அவனுக்கு வேறொண்டை வைக்கேலாது. அறுபத்திநாலு பிராங் குடுத்து வாங்கினன். கடைக்காரர் பேப்பரில சுத்தித் தந்து, கையைப் பிடிச்சுப்போட்டு விட்டார்.

திரும்பி வரேக்கயும் புகார்தான். இவ்வளவு வடிவான இடமெண்டு சொல்லுற ஊரில நான் பாத்தது ஒரு மேசையும் கொஞ்சக் கிளாசும். அண்ணா மாதாமாதம் வந்து போன ஊர். என்னையும் கூட்டிக்கொண்டு போடா எண்டு ஒருக்காலும் கேக்கத் தோணேல்லை. எங்கட ஷ்லீரன்ல மலையும் இல்லை, ஏரியும் இல்லை. ஆனா அங்க ஒவ்வொரு பஸ் ஸ்டொப்பிலயும் அவன் நிக்கிற மாதிரி இருக்கு.

ஞாயிறு மத்தியானம் படைச்சம். ஆட்டிறைச்சி, நண்டு, கத்தரிக்காய்ப் பொரியல். பெரியப்பா போத்தலைத் தூக்கிப் பாத்தார். "பத்து வருஷமோ? பெட்டியும் இல்லையே."

"அண்ணா குடிச்சது இதுதான், பெரியப்பா."

அம்மா அவரிட்ட இருந்து போத்தலை வாங்கினா. மூடியைத் திறக்கத் தெரியேல்லை, நான் திறந்து குடுத்தன். மணந்தா. முகம் சுழிக்கேல்லை.

"எவ்வளவு தண்ணி விடுவான்?"

எனக்குத் தெரியாது. ஜெகன் அண்ணைதான் சொன்னார்: "தண்ணி விடமாட்டான் அன்ரி. சும்மாதான். அடியில கொஞ்சமா."

அம்மா ஊத்தினா. கிளாஸ் பாதி வந்திட்டுது.

"காணும் அன்ரி, அவ்வளவு குடிக்கமாட்டான்."

"என்ர கையால ஒருநாளும் குடிக்கேல்லையே," எண்டு அம்மா விளிம்பு வரைக்கும் ஊத்தி, சிந்தாமல் படத்துக்கு முன்னால வைச்சா.

வாசிக்கிற எல்லாரிட்டயும் ஒண்டு கேக்கிறன். கோயிலோ சேர்ச்சோ, நீங்கள் எங்க கும்பிடுறனீங்களோ அங்க, எங்கட நிரோ அண்ணாக்காண்டியும் ஒருக்காக் கும்பிடுங்கோ. அவனுக்கு இருபத்தொன்பது வயசுதான்.