கைகட்டிக்கு விழுந்த சிவப்பு முகம்

வயது வந்தோர் கல்லூரியில் கணினி உதவிப் பிரிவின் மூத்தவரை எல்லோரும் நேரில் சார் என்பார்கள். அவர் நகர்ந்ததும் கைகட்டி என்பார்கள். அங்கே மாணவர்கள் என்றால் பிள்ளைகள் இல்லை. லாரி ஓட்டுபவர்கள், மருத்துவமனையில் தரை துடைப்பவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் வந்து, சூடான பாத்திரத்தைத் தொடுவதுபோல விசைப்பலகையில் விரலை வைத்து வைத்து எடுப்பவர்கள்.

திரை நின்றுவிட்டது, எழுதியது காணவில்லை என்று யாராவது கூப்பிட்டால் அவர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். காரியம் முடியும்வரை அந்தக் கைகள் பிரியாது. வாய் மட்டும்தான் வேலை செய்யும்.

"மேல இடது ஓரத்துல என்ன இருக்கு, படிங்க."

"கோப்பு."

"அதுல ஒரு தட்டு. மெதுவா. கதவை இடிக்கிற மாதிரி இடிக்காதீங்க, உள்ள யாரும் தூங்கல."

சிரிப்பு வரும். சிரித்த பிறகு விரல் தானாகப் போய்த் தட்டும். இதை நான் பக்கத்து அறையிலிருந்து பார்த்திருக்கிறேன். வருகைப் பதிவு என் பொறுப்பு; என் மேசைக்கும் கணினி வகுப்புக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புதான் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் மவுஸைப் பிடுங்கித் தானே செய்துகொடுத்தவர்தான். ஒரு லாரி டிரைவருக்கு ஒரே விண்ணப்பத்தை மறுபடி மறுபடி திறந்துகொடுத்திருக்கிறார். கடைசியில் அந்த டிரைவர் சொன்னார்: "சார், நீங்க ஸ்டீயரிங்க விட்டாத்தானே நான் ஓட்டிப் பழக முடியும்?" அன்று பின்னால் போன கைகள்.

கல்லூரியில்தான் அப்படி. வீட்டில் வேறு. அவர் மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் துணி தைத்துக் கொடுப்பவர். யாருக்கு என்ன அளவு, யார் எப்போது வாங்க வருவார்கள் என்பதையெல்லாம் கணினியில் ஏற்ற ஆசைப்பட்டார். உட்கார்ந்து ஓர் எழுத்தைத் தேடத் தொடங்கியதுமே இவர் வந்துவிடுவார். "தள்ளு, தள்ளு. நீ எழுத்தைத் தேடி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும்." கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டு எழுந்து போவார். கைப்பேசியில் மின்கட்டணம் கட்டப் போனாலும் அதே கதைதான், கைப்பேசி கைமாறிவிடும். ஊருக்கெல்லாம் நிழல் தந்த மரம், வீட்டு வாசலில் முள்ளாக நின்றது. இதையெல்லாம் அந்த அம்மாவே பிற்பாடு என்னிடம் சொன்னார்.

பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்றபோது அந்த இடம் காலியானது. கைகட்டிக்கும் ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தலைவரின் வேலையைப் பல வருடங்களாகப் பெயரில்லாமல் பார்த்தவர் அவர்தான். "கதவுல என் பேர் ஒரு நாளாவது இருக்கணும். அப்புறம் கழட்டிக்கட்டும்," என்று டீ குடிக்கும்போது சொல்வார்.

போட்டிக்கு வந்தவன் பிரிவிலிருந்த இளையவன். ரிமோட் என்று அவனுக்குப் பெயர். அறையை விட்டு நகரமாட்டான். தன் இடத்திலிருந்தே வகுப்பில் இருப்பவரின் திரையைப் பிடித்து, மவுஸ் அம்பை ஓட்டி, காரியத்தை முடித்துவிடுவான். முதல் தடவை அதைப் பார்த்த ஒரு பெரியம்மா, "ஐயோ, பேய் புடிச்சிருச்சு, தானா ஓடுது!" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். பேய் என்ன செய்தது என்பது யாருக்கும் புரியவில்லை. ஆனால் வேலை முடிந்தது. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருப்பவர்களுக்கு அது போதும்.

புதிதாக வந்த முதல்வர் ஒரு ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு புகாரும் தீர்ந்ததும் திரையில் இரண்டு முகங்கள் வரும்: சிரிக்கும் பச்சை, முகம் சுளிக்கும் சிவப்பு. மேலே, 'உங்களுக்குத் திருப்தியா?' என்ற கேள்வி. அந்தப் பருவத்தில் விழும் முகங்களை வைத்துத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது; சமமாக வந்தால் பணியில் மூத்தவருக்கு.

அதே பருவத்தில்தான் கைகட்டியின் மனைவி மாலை வகுப்பில் சேர்ந்தார்.

"வீட்டுலயே வாத்தியார் இருக்கிறப்ப காலேஜ் எதுக்கு?" என்று இவர் கேட்டாராம்.

"வீட்டுல பண்ணிக் குடுக்கிறவர்தான் இருக்கார். வாத்தியார் அங்கதான் இருக்காராம். சொல்லிக்கிறாங்க."

இவர் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டார். என்னிடம் சொல்லும்போதும் சிரித்தார்.

பருவத்தின் கடைசி வாரம் ஒரு மாலை, அந்த அம்மா கையைத் தூக்கினார். அவர் தட்டிய அளவுப் பட்டியலில் எண்கள் எல்லாம் மறைந்து, கட்டத்துக்குக் கட்டம் வேலி அடித்ததுபோல ஒரே குறியாக நின்றன. இவர் வந்து பின்னால் நின்றார். வழக்கப்படி கைகள் முதுகுக்குப் போயின. வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"எல்லாம் போச்சா?" என்றார் அந்த அம்மா.

"ஒண்ணும் போகல, கட்டம் எண்ணுக்குப் பத்தல. ஜாக்கெட் இறுக்கமா இருந்தா என்ன பண்ணுவ?"

"தையலைப் பிரிச்சு விடுவேன்."

"அதேதான். ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல மேல ஒரு கோடு இருக்கு பாரு. அதைப் பிடிச்சு வலது பக்கம் இழு. அவசரமில்ல."

இழுத்தார். எண்கள் திரும்ப வந்தன. பக்கத்து இருக்கைக்காரர் கை தட்டினார். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தலையைத் திருப்பி, கணவர் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்த கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குள் அடுத்தவர் கூப்பிட, இவர் நகர்ந்துவிட்டார்.

தேர்வுக் குழுக் கூட்டத்தில் குறிப்பெழுத நான் உட்கார்ந்திருந்தேன். முதல்வர் கைகட்டியை உள்ளே அழைத்து, திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"நீங்களும் தம்பியும் சமமா வந்திருக்கணும். உங்களுக்கு ஒரு சிவப்பு கூடுதலா விழுந்திருக்கு. யாருன்னு பாருங்க. உங்க வீட்டம்மாதானே?"

அவர் பார்த்தார்.

"சொந்த வீட்டுலயே பாஸாகலையே சார் நீங்க!" என்று சொல்லி முதல்வர் சிரித்தார். குழுவில் மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு, "உறவுக்காரங்க போட்டது கணக்குல சேராதுன்னு விதி இருக்கு. நீங்க எழுதிக் குடுத்தா எடுத்திடலாம். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம்," என்றார்.

வெளியே வந்ததும் நான், "கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு கதவுக்குப் பேர்ப்பலகை அடிக்கச் சொல்லுங்க," என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

வீட்டில் நடந்ததை இருவருமே தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

"சிவப்பு நீ அழுத்தினதா? கை தவறிப் பட்டுடுச்சா?"

"தெரிஞ்சுதான் அழுத்தினேன்."

"ஏன்? சரியாச்சா இல்லையா?"

"ஆச்சு. ஆனா அது திருப்தியான்னுதானே கேட்டுச்சு? இத்தனை வருஷத்துல அன்னிக்குத்தான் எனக்கும் செய்ய வரும்னு நம்பி நீங்க பொறுமையா நின்னீங்க. அதுவும் நாலு பேர் பாக்கிற இடத்துல."

"நாலு பேருக்காக நிக்கல. அது என் வேலை."

"அதைத்தான் சொல்றேன். வீட்டுல உட்கார்ந்திருந்ததும் இதே நான்தானே?"

"அந்த இடம் போயிடும்," என்றார் இவர்.

"எழுதிக் குடுங்க. பொண்டாட்டி சொன்னதைக் கணக்குல சேர்க்க வேண்டாம்னு எழுதிக் குடுங்க. எப்பவும் சேர்க்காததுதானே."

மறுநாள் மாலை நான் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெறுங்கையோடு வந்தார். "எழுத உட்கார்ந்தேன். 'என் மனைவி அளித்த கருத்தை நீக்குமாறு' வரைக்கும் வந்துச்சு. அதுக்கு மேல பேனா ஓடல," என்றார்.

பெயர்ப்பலகை ரிமோட்டுக்குப் போனது. அவனுடைய முதல் உத்தரவு, யாரும் வகுப்புக்குள் போக வேண்டாம், எல்லாம் இருந்த இடத்திலிருந்தே முடிய வேண்டும் என்பது. ஓய்வு பெறும்வரை கைகட்டி உதவிப் பிரிவின் ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் திரையில் அம்பை ஓட்டினார். அவருக்கும் பச்சை முகங்கள் குவிந்தன. அந்தப் பெரியம்மா ஒவ்வொரு வாரமும் அதே புகாரோடு கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

கைகட்டியின் மனைவி பாடத்தை முடித்தார். சான்றிதழ் வாங்க வந்த அன்று என் மேசை முன் அமர்ந்து, படிவத்தைத் தானே தட்டி நிரப்பினார். எழுத்தைத் தேடவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை அவரைத் தெருவில் பார்த்தேன். வீட்டில் எப்படிப் போகிறது என்று கேட்டேன். மனைவி தினமும் கணினி முன் உட்கார்ந்து அளவுகளை ஏற்றுகிறாராம். இவர் போய் நாற்காலிக்குப் பின்னால் நிற்பாராம், கைகளைக் கோத்துக்கொண்டு, ஏதாவது கேட்பாரா என்று.

"கேட்டாங்களா?"

"நேத்து கேட்டா. 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க'ன்னு."