பாதிச் சவரம்

முடிவெட்டுகிறவருக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளாது. கடையில் ஆளில்லாவிட்டால் துடைத்த கண்ணாடியையே துடைப்பார். எழுபது வயதாகியும் அந்தப் பரபரப்பு அடங்கவில்லை. கடை விடுமுறையான ஒரு செவ்வாய்க்கிழமை, அவரை ஒற்றைக்காலில் நின்று போர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள் தங்கச்சி. போர்க்காலத்தில் படைத் தலைமையகமாக இருந்த கட்டிடம் அது. அதன் நிலவறையில்தான் இளவயதில் அவர் சிப்பாய்களுக்குச் சவரம் செய்தார். போர் முடிந்த பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

இருவரும் நிலவறைக்குப் படியிறங்கினார்கள். வரைபட அறை, தந்தி அறை என்று அவள் நின்று நிதானமாகப் பார்க்க, இவர் வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டவர் போல முன்னால் போனார். கடைசி அறையில் அவருடைய நாற்காலி இருந்தது. அதில் முகமெல்லாம் பஞ்சு நுரையோடு ஒரு மெழுகுச் சிப்பாய். பக்கத்தில் கத்தியோடு ஒரு மெழுகு ஆள்.

"உன்னைவிட இவன் தேவலைண்ணா. அசையாம நிக்கிறான்," என்றாள் தங்கச்சி.

அவர் சிரிக்கவில்லை. அவளை வெளியே கூட்டிப்போய், செத்துப்போன மனைவியிடம்கூடச் சொல்லாததைச் சொன்னார். ஒரு நாள் காலை ஒரு சிப்பாய்க்கு ஒரு கன்னம் முடித்திருந்தார். அதற்குள் அபாயச் சங்கு ஊதிவிட்டது. அவன் மறுகன்னத்து நுரையைச் சட்டைக் கையால் வழித்துவிட்டு எழுந்தான். "வந்து மிச்சத்தை எடுத்துக்கறேண்ணே, இடத்தை யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிப் படியேறி ஓடினான். அன்று பொழுது சாயும்வரை இவர் வேறு யாரையும் அந்த நாற்காலியில் உட்காரவிடவில்லை. அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். அவன் வரவில்லை.

"செத்தான்னும் யாரும் சொல்லல, பொழச்சான்னும் சொல்லல. பேரையாவது கேட்டு வச்சிருக்கலாம்."

போரிலிருந்து திரும்பியவர்களின் படங்கள் மேல்மாடியில் இருப்பதாக, தங்கச்சி விசாரித்ததும் காவலாளி சொன்னார். முடிவெட்டுகிறவர் மூச்சிரைக்க ஏறினார். சுவர் நிறைய முகங்கள். ஒவ்வொன்றிலும் பாதியை உள்ளங்கையால் மறைத்து மறைத்துப் பார்த்தார். ஒரு முகத்தில் கை நின்றது. நகர்ந்து போனார், திரும்பி வந்தார், மறுபடி மறைத்துப் பார்த்தார்.

"அவன்தான்னு வச்சுக்கோயேண்ணா. மனசு ஆறும்."

"வச்சுக்க முடியலையே."

மூடும் நேரமாகிவிட்டது என்று காவலாளி விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்தார். அந்தப் படத்திலிருப்பவரைப் பற்றி விசாரிக்க நாளைக்கு அலுவலகத்துக்கு வரச் சொன்னார்.

மறுநாள் வாடிக்கைக்காரர்கள் கடைப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். முடிவெட்டுகிறவர் அருங்காட்சியக வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். கதவு திறக்க இன்னும் நேரமிருந்தது. கூப்பிடாமலே வந்திருந்த தங்கச்சியும் அவரோடு சேர்ந்து நடந்தாள்.