கைதட்டலுக்கு நடுவில் அவர் குரல்

மூன்று வருஷத்துக்கு முன்னால், குளிர் ஆரம்பிக்கும் சமயம். நியூஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டருக்குப் பக்கத்து ஊர் நூலகம் ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இது.

எங்கள் பக்கத்து வீட்டில் ருமேனியாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், ஜாஸ் பாடகி. கருங்கடல் ஓரத்துத் துறைமுக ஊரில் பிறந்தவர். அவர் இளம்பெண்ணாக இருந்த காலத்தில் அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி, அமெரிக்கப் பாட்டைப் பாடினால் மேலிடத்துக்குத் தகவல் போய்விடுமாம். அதனால் இங்கிலீஷ் பாட்டுக்கு ருமேனியத் தலைப்பை ஒட்டிவிடுவார்களாம். அதுவும் சரிப்படாத இடத்தில், வார்த்தையே இல்லாமல் 'தபதூ, ஷூபிடி' என்று வெறும் சத்தத்தாலேயே முழுப் பாட்டையும் பாடி முடித்துவிடுவாராம். வார்த்தை இருந்தால்தானே குற்றம் கண்டுபிடிக்க முடியும் என்று சொல்லிச் சிரிப்பார். பிறகு கப்பலில் பாடப் போனவர், ஒரு துறைமுகத்தில் இறங்கித் திரும்ப ஏறவில்லை. அமெரிக்கா வந்து பல வருஷம் பகலில் தையல் கடை, வாரக் கடைசியில் ஹோட்டல்களில் பாட்டு. முதல் ஆல்பம் வந்தபோது வயது அறுபது. பெரிய பேர் கிடையாது, ஆனால் ஜாஸ் தெரிந்தவர்கள் தேடி வந்து கேட்பார்கள்.

கண்புரை வந்த பிறகு அவர் கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். எங்கள் பக்கம் கார் இல்லாவிட்டால் கால் இல்லாத மாதிரிதான். அதனால் அவரைக் கச்சேரிக்கு அழைத்துப்போவது என் வேலையானது. பதிலுக்கு என் பிளவுஸ்களை ஆல்டர் பண்ணித் தருவார். கூடவே, என் சாம்பாரில் புளி அதிகம் என்று குறையும் சொல்வார்.

சின்ன வயதில் கோயம்புத்தூரில் கொஞ்ச காலம் பாட்டு கிளாஸுக்குப் போனவள் நான். பாட்டு வரவில்லை, தொடையில் தாளம் போடும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. எதைக் கேட்டாலும் கை தானாகத் தட்ட ஆரம்பித்துவிடும். இவருடைய பாட்டுகள் பெரும்பாலும் நாலு நாலாகப் போவதால் ஆதி தாளத்துக்குள் சமர்த்தாக உட்கார்ந்துவிடும். வார்த்தையில்லாப் பகுதியில் எங்கெங்கோ சுற்றினாலும், கடைசியில் வலது கை விரலைச் சொடுக்கி, பாட்டின் முதல் வார்த்தையை என் முதல் தட்டில் கொண்டுவந்து வைப்பார். ஜுரத்தோடு பாடிய அன்றுகூடத் தவறியதில்லை.

அன்று அந்தச் சின்ன ஹால் நிறைந்திருந்தது. என் ஒரு பக்கம் ஹைஸ்கூல் படிக்கும் மகள், மறு பக்கம் கோயிலில் பழக்கமான ஓர் ஆன்ட்டி. மேடையில் பாடகியும் ஒரு பியானோக்காரரும் மட்டும். சில பாட்டுகள் அருமையாகப் போயின. அடுத்த பாட்டில் வார்த்தையில்லாப் பகுதி வந்தது. நானும் வழக்கம்போலத் தட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் வார்த்தை வரவேண்டிய இடத்தில் வரவில்லை. சரி, இன்னொரு சுற்று போகிறார் என்று நினைத்தேன். பியானோக்காரரும் அப்படியே நினைத்தார் போல, கண்ணை மூடிச் சிரித்தபடி அடுத்த சுற்றை எடுத்தார். மக்கள் கைதட்டினார்கள். ஆனால் என் கைக்கும் அவர் குரலுக்கும் ஒட்டவில்லை. குரல் தாளத்துக்குப் பின்னால் தள்ளாடி வந்தது. ஒரே மூன்று சத்தம் திரும்பத் திரும்ப. சொடுக்கிக்கொண்டிருந்த வலது கை, தூங்குகிற குழந்தையின் கை மாதிரி மெல்லக் கீழே இறங்கியது.

பக்கத்து ஆன்ட்டி என் காதருகில் குனிந்து, "நம்மூர்ல சொரம் பாடற மாதிரியே இருக்குது கண்ணு. இந்த வயசுல என்ன மூச்சு பாரு" என்றார். சுற்றிப் பார்த்தேன். எல்லா முகத்திலும் சந்தோஷம். ஒருத்தர் விசில்கூட அடித்தார். இத்தனை பேருக்குத் தெரியாதது எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? அவர் வேண்டுமென்றே செய்வதாக இருந்தால்? வெள்ளைக்காரக் கூட்டத்துக்கு நடுவில் எழுந்துபோய்க் கச்சேரியைக் கெடுத்தவள் என்றல்லவா ஆகும். விசாவில் இருந்த காலம் முழுக்க, எங்கேயும் யார் கண்ணிலும் உறுத்தாமல் இருக்கப் பழகியவள் நான். கிரீன் கார்டு வந்தும் அந்தப் பயம் போகவில்லை.

அப்போது அவர் என்னைப் பார்த்தார். வாய் பாடிக்கொண்டிருந்தது, கண் பாடவில்லை. நான் எழுந்தேன்.

மகள் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, சிட் டவுன். எவ்ரிபடி இஸ் லுக்கிங்."

"பாடற ஆன்ட்டிக்கு என்னவோ ஆயிடுச்சு. போனை எடு, 911 கூப்பிடு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். யாரோ ரசிகை உணர்ச்சிவசப்பட்டு மேடைக்குப் போகிறாள் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள், இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். நூலக ஊழியர் ஒருவர் "மேம், ப்ளீஸ்" என்று குறுக்கே வந்தார். அவரைத் தாண்டிப் போய்ப் பாடகியின் வலது கையைப் பிடித்தேன். அது திரும்ப என்னைப் பிடிக்கவில்லை. வாயின் ஒரு ஓரம் தொங்கியிருந்தது.

"நிறுத்துங்க" என்று பியானோக்காரரைப் பார்த்துத் தமிழிலேயே கத்திவிட்டேன். மைக்கில் அது ஹால் முழுக்கக் கேட்டது. பியானோ நின்றது, கைதட்டல் நின்றது. அவர் குரல் மட்டும் நிற்கவில்லை. அந்த அமைதியில், அதே மூன்று சத்தம், திரும்பத் திரும்ப. அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. என் வாழ்க்கையில் அதைவிடப் பயந்த நேரம் இல்லை. அவரை நாற்காலியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கந்த சஷ்டி கவசத்தில் ஒரு வரிகூட நினைவுக்கு வராமல், "முருகா, முருகா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் பெண், நான் சொன்னதுமே 911 கூப்பிட்டிருந்தாள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக எப்போது சரியாக இருந்தார் என்பது. பியானோக்காரருக்குத் தெரியவில்லை. இந்தப் பாட்டின் வார்த்தைகள் முடியும்வரை சரியாக இருந்தார், அதற்குப் பிறகுதான் தாளம் விட்டது என்றேன். மூளைக்குப் போகும் ரத்தம் அடைத்திருக்கிறது, நேரம் தெரிந்ததால் மருந்து கொடுக்க முடிந்தது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். காரில் திரும்பும்போது மகள் என் தோளில் கை வைத்துக்கொண்டே வந்தாள்.

அவர் பிழைத்தார். மாதக்கணக்காகப் பேச்சுப் பயிற்சி. இப்போது வார்த்தைகள் பாதிக்குமேல் திரும்பிவிட்டன, ஆனால் மேடை ஏறுவதில்லை. ஒருநாள் அவர் வீட்டுச் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, அன்றைக்கு என்னதான் நடந்தது, ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்றார். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னார்: "நான் பாடவில்லை. காப்பாற்றுங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் எல்லோரும் கைதட்டினீர்கள்."

காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். ருமேனியாவில் வார்த்தை இல்லாததால் தப்பித்தவர், இங்கே அதே காரணத்தால் எங்கள் எல்லோர் முன்னாலும் உயிரையே விட்டிருப்பார். அன்றிலிருந்து பள்ளிக்கூட விழாவோ கோயில் கச்சேரியோ, எங்கே கூட்டம் கைதட்டினாலும் என் கண் முதலில் மேடையில் இருப்பவரின் முகத்துக்குத்தான் போகிறது. அங்கே இருப்பது சந்தோஷம்தான் என்று உறுதியான பிறகுதான் என்னால் கைதட்டவே முடிகிறது.