முத்தம்மாவின் நாடியும் என் பேனாவும்

தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆட்களுக்கு ஓட்டுரிமை பறிபோய்ச் சில வருஷம் இருக்கும். இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர். கொழுந்தெடுக்கிற முத்தம்மா வந்து, "நெஞ்சு ஒரு அடி நின்னுட்டு, அப்புறம் தொம்முன்னு இடிக்குதுங்க" என்றாள். நாடி பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு துடிப்புக்கு ஒன்று தவறியது. பெரிய மேதாவி மாதிரி நோயாளிகளைப் பதிகிற சிக் புக்கில் 'ஹார்ட்' என்று எழுதினேன். அந்தப் புத்தகம் ஆபீசுக்குப் போகும் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் ஆபீஸ் கிளாக்கர், வேலையாட்கள் பேர்ப் பட்டியலான செக்ரோலில் அவள் பேரை வெட்டிவிட்டார். பேர் போனால் வேலை போச்சு, குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போச்சு. புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள்.

அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். யாழ்ப்பாணத்து டாக்டர் குழல் வைத்துக் கேட்டார். படி ஏறி இறங்கச் சொல்லி மறுபடி கேட்டார்.

"இதயம் நிக்கேல்லைத் தம்பி. ஒரு துடிப்பு முந்தி விழுது, அடுத்தது கொஞ்சம் பொறுத்து வருது. கன பேருக்கு இருக்கு. படி ஏறேக்க இவவுக்கு அது குறையுது, வேற கோளாறும் காணேல்லை. வேலை செய்யலாம். மயக்கம் வந்தால், நெஞ்சு நொந்தால், மூச்சு முட்டினால் உடனை கொண்டு வாரும்."

தேயிலைச் சாயத்தண்ணியைக் குறைக்கச் சொல்லி, வேலை செய்யலாம் என்று ஒரு துண்டுச் சீட்டும் எழுதித் தந்தார்.

அடுத்த நாள், ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற காலைப் பெரட்டில், அத்தனை பேர் முன்னாலும் தோட்டத்துத் துரையிடம் துண்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"மலையில செத்தா யாரு பொறுப்பு?"

"எழுதினது நான். பொறுப்பும் நான்தான். சந்தேகம்னா நீங்களே அவ கையைப் பிடிச்சு நாடி பாருங்க தொரை."

"அட பாவி, வாயை மூடுய்யா" என்று கங்காணி பல்லைக் கடித்தார். கொழுந்துக்காரி கையைத் துரை தொடுவதாவது! முத்தம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"பாருங்க தொரை. இந்தக் கைதான் உங்க கொழுந்த எடுக்குது. தொட்டா ஒட்டிக்காது."

துரையின் முகம் சிவந்துபோனது. அவள் கையை இறக்கவேயில்லை. கடைசியில் அவர் கிளாக்கர் பக்கம் திரும்பி, "பேரைப் போடு" என்றார்.

இப்போது டிஸ்பென்சர் வேலைக்கு வருகிற பிள்ளைகளே, மயக்கமா, நெஞ்சுவலியா, மூச்சு முட்டுகிறதா என்று கேட்காமல் பேனாவைத் தொடாதீர்கள். ஆமென்றால், எந்தத் துரையையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு லொறியில் ஏற்றுங்கள்.

முத்தம்மாவின் நாடி அப்புறமும் தவறிக்கொண்டுதான் இருந்தது. அவள் ஒரு நாள் பெரட்டுக்கும் தவறவில்லை.